இந்திய–இலங்கை ஒப்பந்தம் (1987): ராஜீவ் காந்தியின் பங்கும் இராமேசுவரம் கடற்கரையும்

இந்திய–இலங்கை ஒப்பந்தம் என்பது ஈழப் போரின் முதல் கட்டத்தை முடிவுக்குக் கொண்டுவர, இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கைக் குடியரசுத் தலைவர் ஜே. ஆர். ஜெயவர்த்தனாவும் 1987 ஜூலை 29 அன்று கொழும்பில் செய்துகொண்ட உடன்பாடு. அது தந்த அமைதி பெருமளவு ராஜீவின் சொந்த முயற்சியை நம்பியிருந்தது. ஒப்பந்தத்தின் வலிமையும் பலவீனமும் அதுவே.

பின்னணி

1983 ஜூலையில் இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பின் ஈழத் தமிழர் படகேறி இராமேசுவரம் கரைக்கு வந்தனர். மண்டபம் முகாம் அவர்களுக்கு முதல் புகலிடமானது. 1987 ஜூலை வரை தமிழகம் வந்தோர் 1,34,053 பேர். 1987 ஜூன் தொடக்கத்தில், இலங்கைப் படையின் முற்றுகையில் தவித்த யாழ்ப்பாணத்துக்கு உணவும் மருந்தும் ஏற்றி இராமேசுவரத்திலிருந்து சென்ற படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. ஜூன் 4 அன்று இந்திய விமானங்கள் அப்பொருள்களை வானிலிருந்து போட்டன. இதன்பின் கொழும்பு பேச்சுக்கு இணங்கியது.

ராஜீவின் பங்கு

தனி ஈழத்துக்காகப் போரிட்ட விடுதலைப் புலிகளின் தலைவர் வே. பிரபாகரன் ஒப்பந்தத்தை ஏற்கத் தயங்கியதால், ராஜீவ் அவரை டெல்லியில் நேரில் சந்தித்துப் பேசினார். ஊரடங்குக்கும் எதிர்ப்புக் கலவரத்துக்கும் நடுவே கொழும்பு சென்று கையெழுத்திட்டார். மறுநாள் அணிவகுப்பு மரியாதையின்போது கடற்படைச் சிப்பாய் ஒருவர் துப்பாக்கிக் கட்டையால் அவரைத் தாக்கினார். அதன் பின்னும் அவர் ஒப்பந்தத்திலிருந்து பின்வாங்கவில்லை. வடக்கு, கிழக்கு மாகாணங்களின் தற்காலிக இணைப்பு, மாகாணங்களுக்கு அதிகாரப் பகிர்வு, 48 மணி நேரத்தில் போர்நிறுத்தம், ஆயுத ஒப்படைப்பு ஆகியவை அதன் முக்கியக் கூறுகள்.

குலைவு

போரிட்ட புலிகள் ஒப்பந்தத்தில் ஒரு தரப்பாகச் சேர்க்கப்படவில்லை. செப்டம்பர் 26 அன்று புலிகளின் உறுப்பினர் திலீபன் உண்ணாநோன்பில் உயிர்நீத்தார். அக்டோபர் தொடக்கத்தில், இலங்கைப் படையின் காவலில் இருந்த புலேந்திரன், குமரப்பா உள்ளிட்ட புலிப் போராளிகள் சயனைடு அருந்தி இறந்தனர். அக்டோபர் 10 அன்று, ஒப்பந்தத்தின்படி இலங்கை சென்றிருந்த இந்திய அமைதி காப்புப் படைக்கும் புலிகளுக்கும் போர் மூண்டது. ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்களும் பெருந்தொகையான தமிழ்ப் பொதுமக்களும் மாண்டனர். 1990 மார்ச் 24 அன்று கடைசிப் படைப்பிரிவு வெளியேறியது. 1991 மே 21 அன்று திருப்பெரும்புதூரில் புலிகளின் தற்கொலைத் தாக்குதலில் ராஜீவ் கொல்லப்பட்டார்.

கடற்கரையில் விளைவு

1987 டிசம்பர் முதல் 1989 ஆகஸ்ட் வரை 25,000-க்கும் மேற்பட்ட அகதிகள் தாயகம் திரும்பினர்.  1990 ஜூனில் இலங்கைப் படைக்கும் புலிகளுக்கும் இடையே போர் மீண்டும் வெடித்ததும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் தமிழகம் வந்தனர்.

மதிப்பீடு

ஒப்பந்தத்தின் வழியே 1987 நவம்பரில் நிறைவேறிய இலங்கை அரசியலமைப்பின் 13-ஆவது திருத்தமும் அது உருவாக்கிய மாகாண சபை முறையும் இன்றும் நிலைக்கின்றன. வடக்கு–கிழக்கு இணைப்பை இலங்கை உச்ச நீதிமன்றம் 2006-இல் செல்லாதென்றது. ஒரு தலைவரின் துணிவு போரை நிறுத்தலாம். ஆனால் ஆயுதம் ஏந்தியவரும் அல்லலுற்ற மக்களும் ஏற்றால்தான் அமைதி நீடிக்கும் என்பதே இந்த ஒப்பந்தம் விட்டுச்சென்ற பாடம்.