நகரத்தார் முகவர் முறை

நகரத்தார் முகவர் முறை என்பது நாட்டுக்கோட்டைச் செட்டியார் எனப்படும் நகரத்தார் இலங்கை, பர்மா, மலாயா முதலிய நாடுகளில் நடத்திய வட்டிக்கடைகளை, ஊரிலிருந்த முதலாளிகளின் சார்பில் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட முகவர்கள் நிர்வகித்த முறை ஆகும். முகவர் பேச்சு வழக்கில் ஏஜெண்டு எனப்பட்டார். 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் இம்முறை செழித்திருந்தது.

பெரிய கடைகளில் பயின்ற முகவர்கள் பலர் பின்னர் விலகிச் சொந்தக் கடை தொடங்கினர். வாடிக்கையாளரை நன்கறிந்த ஊழியர் ஒருவர் அதே தொழிலில் தனித்து இறங்குவது இன்றைய நிதி நிறுவனங்களில் அடிக்கடி வழக்குகளுக்குக் காரணமாகிறது. நகரத்தாரிடையே அது பெரும்பாலும் தொழிற்பயிற்சியின் இறுதிப் படியாகவே கொள்ளப்பட்டது.

பின்னணி

நகரத்தாரின் தாயகம் காரைக்குடி, தேவகோட்டை உள்ளிட்ட ஊர்களைக் கொண்ட செட்டிநாடு ஆகும். தொடக்கத்தில் உப்பு, நெல், துணி ஆகியவற்றின் வணிகத்தில் ஈடுபட்ட இவர்கள், 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் ஆட்சி பரவிய இடங்களுக்குச் சென்று கடன் கொடுக்கும் தொழிலில் முதன்மை பெற்றனர். 1869இல் சூயசுக் கால்வாய் திறக்கப்பட்டபின் பர்மிய அரிசிக்கான தேவை பெருகியது. நெல் விளைவிக்க உழவர்களுக்குப் பணம் தேவைப்பட்டது. அதனை நகரத்தார் கடைகள் வழங்கின. பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழுவின் 1930ஆம் ஆண்டு அறிக்கையின்படி அந்நாட்டில் ஏறத்தாழ 1,650 நகரத்தார் கடைகள் இருந்தன.

முதலாளி ஒருவரே எல்லா ஊர்களிலும் இருக்க இயலாது. ஆகவே ஒவ்வொரு கடைக்கும் நம்பிக்கைக்குரிய ஒருவரை அனுப்பும் தேவை எழுந்தது.

தூத்துக்குடி வழி

இலங்கைக் கடைகளுக்குச் செல்லும் பாதையில் தூத்துக்குடித் துறைமுகம் முக்கிய இடம் வகித்தது. 1876இல் தூத்துக்குடிக்குத் தொடர்வண்டிப் பாதை அமைந்தபின், இந்தியாவுக்கும் கொழும்புக்கும் இடையிலான பயணிகள் போக்குவரத்து பெரும்பாலும் இத்துறை வழியே நடைபெற்றது. இவ்வழியில் பிரித்தானிய இந்திய நீராவிக் கப்பல் நிறுவனத்தின் ஆதிக்கத்தை எதிர்த்தே வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906இல் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கினார். 1914இல் பாம்பன் பாலமும் தனுசுக்கோடி–தலைமன்னார் கப்பல் சேவையும் தொடங்கியபின் பயணிகள் பலர் அவ்வழிக்கு மாறினர்.

கொழும்பில் நகரத்தார் கடைகள் செட்டியார் தெருவில் அமைந்திருந்தன. அயல்நாட்டு வங்கிகள் உள்ளூர் வணிகர்களுக்கு நேரடியாகக் கடன் தரத் தயங்கின. நகரத்தார் அவ்வங்கிகளிடம் பணம் பெற்று, தம் பொறுப்பில் அவ்வணிகர்களுக்குக் கடன் கொடுத்தனர்.

கடையின் படிநிலைகள்

கடையில் சேரும் சிறுவன் பெட்டியடிப் பையன் எனப்பட்டான். எடுபிடி வேலைகளுடன் கணக்கெழுதவும் வட்டி கணக்கிடவும் அங்கே கற்றான். அடுத்த நிலைகளில் அடுத்தாள், மேலாள் ஆகியோர் இருந்தனர். இவர்களுக்கு மேல் முகவர் இருந்தார். செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகளும் இப்படிகளில் ஏறித் தொழில் பயில்வது வழக்கமாக இருந்தது.

கடைக்கு 'விலாசம்' எனப்படும் தலைப்பெழுத்துக் குறியீடு இருந்தது. முகவர் முதலாளியிடம் பெற்ற அதிகாரப் பத்திரத்தின் வலிமையால் அவ்விலாசத்தின் பெயரில் கையொப்பமிட்டுக் கடன் கொடுக்கவும் வாங்கவும் முடிந்தது.

ஒப்பந்தம்

முகவரின் பணிக்காலம் பொதுவாக மூன்று ஆண்டுகள் ஆகும். சம்பளத்தின் ஒரு பகுதி புறப்படும் முன்னரே முன்பணமாகக் கொடுக்கப்பட்டது. தவணை முடிவில் இலாபத்தைப் பொறுத்து ஊக்கத் தொகையும் கிடைத்தது. குடும்பம் பெரும்பாலும் செட்டிநாட்டிலேயே தங்கியது. தவணை முடிந்ததும் முகவர் கணக்குகளை அடுத்த முகவரிடம் ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பினார்.

தனிக்கடை தொடங்குதல்

தனிக்கடை தொடங்க விரும்பிய முகவருக்கு மூன்று வகையில் பணம் கிடைத்தது.

முதலாவது, சம்பளத்திலும் ஊக்கத் தொகையிலும் சேர்த்த சொந்த முதல். இரண்டாவது, உறவினரும் பெண்டிரும் வட்டிக்கு இட்டுவைத்த பணம். திருமணத்தின்போது பெண்ணுக்குக் கொடுக்கப்பட்ட சீதனப் பணம் இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. மூன்றாவது, பிற நகரத்தார் கடைகளில் பெற்ற கடன். பெருமுதல் கொண்டு சிறிய கடைகளுக்குக் கடன் தந்தவை 'அடத்தி' கடைகள் எனப்பட்டன.

நகரத்தார் தமக்குள் கொடுத்து வாங்கும் பணத்துக்கு 'நடப்பு வட்டி' என்னும் பொது வீதம் இருந்தது. இரங்கூனில் இது முகல் தெருக் கோயிலில் மாதந்தோறும் கூடி முடிவு செய்யப்பட்டது. இதனால் புதிதாகத் தொடங்கியவரும் முன்கூட்டியே அறிந்த வட்டியில் பணம் பெற முடிந்தது.

புதிய கடை பழைய முதலாளிக்குப் போட்டியாகலாம். ஆயினும் அது அவரிடமோ அவரைச் சார்ந்தோரிடமோ கடன் பெற்றால் அவருக்கு வட்டி வருவாயும் தந்தது. ஆகவே பிரிந்து சென்றவரின் வளர்ச்சி முதலாளிக்கு முழு இழப்பாக அமையவில்லை.

கட்டுப்பாடுகள்

பணி முடிந்தபின் ஒருவர் அதே தொழிலைச் செய்யக்கூடாது எனத் தடுக்கும் ஒப்பந்தம், 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி பொதுவாகச் செல்லாது. 1937 வரை இந்தியாவின் பகுதியாக இருந்த பர்மாவிலும் இச்சட்டம் நடைமுறையில் இருந்தது. எனவே விலகும் முகவரை இத்தகைய ஒப்பந்தத்தால் கட்டிவைக்க முதலாளியால் இயலவில்லை.

அவ்விடத்தை நாணயம் நிரப்பியது. முகவரின் வீடும் உறவும் முதலாளியின் ஊர்ப்பகுதியிலேயே இருந்தன. பிணக்குகள் சமூகப் பெரியோர் முன் பேசித் தீர்க்கப்பட்டன. கணக்கில் ஏமாற்றியவர் எனப் பெயரெடுத்தவருக்கு வேறு கடைகளிலும் பணம் கிடைப்பது அரிதாயிற்று. அதேவேளை, இவ்வாய்ப்பு பெரும்பாலும் நகரத்தார் சமூகத்துக்குள்ளேயே நின்றது. கடையில் உழைத்த பிற சமூகத்தார் முகவராகி முதலாளியாக உயரும் வழி குறுகியதாகவே இருந்தது.

நெருக்கடிகள்

கடைகள் ஒன்றையொன்று சார்ந்திருந்தமை இம்முறையின் வலிமை. அதுவே அதன் குறையும் ஆகும். 1925இல் கொழும்பில் பெரிய நகரத்தார் கடை ஒன்று முறிந்தபோது, அயல்நாட்டு வங்கிகள் மற்ற நகரத்தார் கடைகளுக்கும் கடனைக் குறைத்தன. இதன் விளைவுகளை 1934ஆம் ஆண்டின் இலங்கை வங்கி ஆணைக்குழு ஆராய்ந்தது.

1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் நெல்விலை வீழ்ந்தது. கடனை அடைக்க இயலாத பர்மிய உழவர்களின் நிலங்கள் கடைகளின் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் 13 முதன்மை நெல் மாவட்டங்களில் நகரத்தார் வசமிருந்த நிலம் 1930இல் 6 விழுக்காடாகவும் 1938இல் 25 விழுக்காடாகவும் இருந்தது. நிலமிழந்த உழவர்களிடையே பகைமை வளர்ந்தது. 1942இல் சப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியபோது நகரத்தாரில் பெரும்பாலோர் வெளியேறினர். பர்மா விடுதலை பெற்ற 1948இல் நில நாட்டுடைமைச் சட்டம் இயற்றப்பட்டது.

வங்கிகளின் எழுச்சி

நகரத்தாரின் பங்களிப்புடன் 1907இல் சென்னையில் இந்தியன் வங்கி தொடங்கப்பட்டது. 1921இல் தூத்துக்குடியில் நாடார் வணிகர்கள் நாடார் வங்கியை நிறுவினர். இது 1962இல் தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கி எனப் பெயர் மாறியது. 1937இல் மு. சித. மு. சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீசு வங்கியை நிறுவினார். வங்கிகளில் கிளை மேலாளர் பதவி உயர்வு பெறலாம். ஆனால் முகவரைப்போலத் தனிக்கடை வைக்கும் வழி அவருக்கு இல்லை.

தற்கால ஒப்பீடு

இந்தியாவில் 2013ஆம் ஆண்டின் செபி ஒழுங்குவிதிகள், முதலீட்டு ஆலோசகர்கள் தனியராகப் பதிவுபெற்றுத் தொழில் நடத்த வழி வகுத்தன. ஐக்கிய அமெரிக்காவில் 2004இல் மெரில் லிஞ்ச், ஸ்மித் பார்னி, யுபிஎஸ் ஆகியன ஓர் உடன்பாடு செய்துகொண்டன. விலகும் ஆலோசகர் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் முதலிய சில விவரங்களை மட்டும் எடுத்துச்செல்ல அது இசைவளித்தது. பின்னர் இதில் சேர்ந்த மார்கன் ஸ்டான்லியும், தொடக்க உறுப்பினரான யுபிஎஸ்சும் 2017இல் விலகின. இவற்றில் எழுத்து விதிகளுக்கு விடப்பட்டதை, நகரத்தார் முறை உறவுக்கும் கடனுக்கும் விட்டிருந்தது.

இலக்கியத்தில்

ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்' புதினம் பினாங்கிலுள்ள செட்டியார் கடையொன்றின் வாழ்வைச் சித்திரிக்கிறது.

இவற்றையும் பார்க்கவும்

செட்டிநாடு
சுதேசி நாவாய்ச் சங்கம்
தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கி