ஒன்பது முறை திரும்பி வந்த நாவல்



"கதை அனுப்பினேன் சார், இதெல்லாம் ஒரு கதையா என்று திருப்பிவிட்டார்கள்" என்று என்னிடம் வருத்தப்பட்ட பழைய மாணவர்கள் சிலர் உண்டு. அவர்களுக்காக இன்று சார்லட் பிராண்டேயின் வரலாறு.

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் ஹாவர்த் என்ற ஊர். அங்கே ஒரு பாதிரியாரின் மகள் சார்லட். என்னைப் போல் ஆசிரியர் வேலை பார்த்தவர். 20 வயதில் தன் கவிதைகளை அரசவைக் கவிஞர் ராபர்ட் சதேக்கு அனுப்பினார். 1837 மார்ச்சில் பதில் வந்தது. இலக்கியம் ஒரு பெண்ணின் வாழ்க்கைத் தொழிலாக இருக்க முடியாது, இருக்கவும் கூடாது என்பது அதன் சாரம். சார்லட் சண்டைக்குப் போகவில்லை. நன்றி சொல்லிப் பதில் எழுதினார். எழுதுவதை மட்டும் விடவில்லை.

1846-இல் சார்லட்டும் தங்கைகள் எமிலி, ஆன் இருவரும் சொந்தப் பணத்தில், புனைபெயர்களில் ஒரு கவிதைத் தொகுப்பு வெளியிட்டார்கள். முதல் ஓராண்டில் விற்றது இரண்டே பிரதிகள். அடுத்து ஆளுக்கொரு நாவல். தங்கைகளின் நாவல்களுக்கு ஒரு பதிப்பாளர் கிடைத்தார். சார்லட்டின் 'தி புரபசர்' மட்டும் திரும்பித் திரும்பி வந்தது.

1846 ஆகஸ்டில் தந்தையின் கண்புரை அறுவைக்காக சார்லட் மான்செஸ்டர் போனார். மயக்க மருந்து இல்லாத காலம். அறுவை நடந்த அன்றே, முகத்தில் அடித்தாற்போன்ற சில வார்த்தைகளோடு கையெழுத்துப் பிரதி திரும்பி வந்தது என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய எலிசபெத் காஸ்கெல் சொல்கிறார். இருட்டறையில் படுத்திருந்த தந்தையைக் கவனித்தபடியே, அதே மான்செஸ்டரில் சார்லட் இன்னொரு நாவலைத் தொடங்கினார். அதுதான் 'ஜேன் அயர்'.

பழையதையும் அவர் கைவிடவில்லை. முன்பு மறுத்த பதிப்பாளர்களின் பெயர்களை அடித்துவிட்டு, அதே உறையிலேயே அடுத்தவருக்கு அனுப்பினாராம்! 1847-இல் அது லண்டனில் ஸ்மித், எல்டர் நிறுவனத்துக்குப் போனது. அங்கே கையெழுத்துப் பிரதிகளைப் படித்துக் கருத்துச் சொல்பவர் வில்லியம்ஸ். அவர்களும் மறுத்தார்கள். ஆனால் வந்தது இரண்டு பக்கக் கடிதம். நாவலின் நிறை எது, குறை எது என்று மரியாதையாக எடுத்துச் சொல்லி, மூன்று பாகங்களில் ஒரு நாவல் இருந்தால் கவனமாகப் பார்ப்போம் என்றும் எழுதியிருந்தார்கள். அந்த மறுப்பே சார்லட்டுக்குத் தெம்பு கொடுத்தது. ஆகஸ்ட் 24 அன்று 'ஜேன் அயர்' லண்டனுக்குப் புறப்பட்டது. அக்டோபரில் புத்தகமாகிவிட்டது.

கதை இத்தோடு முடியவில்லை. சார்லட் புகழ் பெற்ற பிறகும் 'தி புரபசர்' நாவலை அதே நிறுவனம் ஏற்கவில்லை. ஒன்பது முறை மறுக்கப்பட்ட பெருமை அதற்கு உண்டு என்று 1851-இல் அவரே வேடிக்கையாக எழுதினார். அதில் சொன்ன பிரஸ்ஸல்ஸ் அனுபவங்களை வேறு விதமாக வார்த்து, 1853-இல் 'வில்லெட்' நாவலாகத் தந்தார். 'தி புரபசர்' வெளிவந்தது 1857-இல், அவர் இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து.

ஆகவே, திருப்பி அனுப்புகிறவர்கள் எல்லாரும் முட்டாள்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்கள் மறுத்தது அந்த ஒரு பிரதியை. எழுதிய கையை அல்ல. காரணம் சொல்லி வரும் மறுப்பைப் பத்திரமாக வையுங்கள், அது திருத்திய விடைத்தாள் மாதிரி. காரணமே சொல்லாமல் சுடுசொல் மட்டும் வந்தால், அதில் கற்க ஒன்றுமில்லை. அடுத்த கதையைத் தொடங்கிவிடுங்கள்.

உங்களில் சிலர் இன்று பிறர் எழுத்தைத் தேர்வு செய்யும் இடத்தில் இருக்கிறீர்கள். மறுக்கும்போது காரணத்தை இரண்டு வரி எழுதுங்கள், பிள்ளைகளே.

வாழ்க வளமுடன்.