மின்மாற்றியும் தொலைதூர மின்வழங்கலும்

மின்மாற்றி (வழக்கில் டிரான்ஸ்ஃபார்மர்) மாறுதிசை மின்னோட்டத்தின் மின்னழுத்தத்தை உயர்த்தவோ தாழ்த்தவோ உதவும் கருவியாகும். இதற்கு அடிப்படையான மின்காந்தத் தூண்டலை மைக்கேல் பாரடே 1831இல், இரு கம்பிச் சுருள்கள் சுற்றிய இரும்பு வளையத்தைக் கொண்டு கண்டறிந்தார். அது மின்வழங்கலுக்குப் பயன்பட அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

1882இல் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் எடிசன் தொடங்கிய நிலையம் ஏறத்தாழ 110 வோல்ட் நேர்திசை மின்சாரத்தை வழங்கியது. குறைந்த அழுத்தத்தில் மிகுந்த திறனை அனுப்பப் பெரிய மின்னோட்டம் வேண்டும். கம்பியில் வெப்பமாக வீணாகும் திறனோ மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். எனவே நிலையத்தைச் சுற்றி ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள்ளேயே மின்சாரம் கட்டுப்படியானது. அழுத்தத்தைப் பத்து மடங்காக்கினால் அதே திறனுக்குப் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டம் போதும். அதே கம்பியில் இழப்பு நூற்றில் ஒரு பங்காகும். ஆனால் உயர் அழுத்தத்தை அப்படியே வீட்டு விளக்குக்குக் கொடுக்க முடியாது.

இதற்கு வழிகாட்டியவர்கள் பிரான்சின் லூசியன் கோலாரும் இங்கிலாந்தின் ஜான் கிப்சும். 1884இல் இத்தாலியின் துரின் கண்காட்சியில் இவர்களது கருவிகள் ஏறத்தாழ 2000 வோல்ட் மின்தடத்தில் இயங்கின. எனினும் அவற்றின் முதன்மைச் சுருள்கள் தொடராக இணைக்கப்பட்டிருந்தன. ஓரிடத்தில் விளக்கை அணைத்தால் மற்ற இடங்களில் அழுத்தம் மாறியது. கருவியைவிட அதை இணைத்த முறையே இங்குக் குறை எனலாம்.

1885இல் புடாபெஸ்டின் கான்ஸ் தொழிற்சாலைப் பொறியாளர்கள் சிபர்னோவ்ஸ்கி, பிளாத்தி, டேரி மூவரும் மூடிய இரும்பு உள்ளகம் கொண்ட மின்மாற்றிகளைப் பக்க இணைப்பில் பொருத்தினர். இதனால் ஒருவர் விளக்கை அணைப்பது அடுத்தவரைப் பெரிதும் பாதிக்கவில்லை. இன்றைய தெருமுனை மின்மாற்றிகளும் பக்க இணைப்பிலேயே உள்ளன. 1886 மார்ச்சில் அமெரிக்காவின் கிரேட் பேரிங்டன் ஊரில் வில்லியம் ஸ்டான்லி 500 வோல்ட் மின்சாரத்தை 100 வோல்ட்டாகத் தாழ்த்திக் கடைகளுக்கு விளக்கேற்றினார். கோலாருக்குப் பலன் கிட்டவில்லை. இங்கிலாந்தில் காப்புரிமை வழக்கில் தோற்ற அவர் 1888இல் பாரிசில் இறந்தார்.

தொலைவு பற்றிய ஐயத்தைத் தீர்த்தது ஜெர்மனி. 1891இல் நெக்கர் ஆற்றங்கரையிலுள்ள லாஃபனில், நீர்விசையால் பெற்ற மும்முனை மின்சாரம் ஏறத்தாழ 15,000 வோல்ட்டுக்கு உயர்த்தப்பட்டு 175 கிலோமீட்டர் தாண்டிப் பிராங்க்பர்ட் கண்காட்சியை அடைந்தது. அனுப்பிய திறனில் ஏறத்தாழ முக்கால் பங்கு வந்து சேர்ந்தது. அங்கே அழுத்தம் மீண்டும் தாழ்த்தப்பட்டு, ஆயிரம் விளக்குகள் எரிந்தன. மின்னோடி ஒன்று நீரை இறைத்துச் செயற்கை அருவியாகக் கொட்டச் செய்தது.