என் ஓட்டு எங்கே?
மணிக்கட்டில் ஒரு பச்சைத் துணி

2009 ஜூன் 17. சியோல் உலகக் கோப்பை மைதானம். மறு ஆண்டு தென் ஆப்பிரிக்காவில் நடக்கவிருந்த உலகக் கோப்பைக்குத் தகுதி பெற ஈரான் அணிக்கு இதுதான் கடைசி ஆட்டம். தென் கொரியாவை வென்றே ஆகவேண்டும். வீரர்கள் களத்துக்குள் வருகிறார்கள். கேமரா ஒவ்வொருவராகக் காட்டிக்கொண்டே போகிறது. மஹ்தி மஹ்தவிகியாவின் கையில் பச்சைப் பட்டை. அலி கரீமியின் மணிக்கட்டில் பச்சை. ஜவாத் நெகூனாமிடமும் பச்சை. இன்னும் சிலரிடமும் அதே பச்சை. தெஹ்ரானில் தொலைக்காட்சிப் பெட்டி முன் உட்கார்ந்திருந்தவர்களுக்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவை இருக்கவில்லை. அவர்களில் பலர் அதே நிறத் துணியைக் கட்டிக்கொண்டு இரண்டு நாள் முன்புதான் தெருவில் நடந்திருந்தார்கள்.

இடைவேளைக்குப் பிறகு பெரும்பாலானவர்களின் கையில் துணி இல்லை. மஹ்தவிகியா மட்டும் கழற்றவில்லை. மசூத் ஷொஜாயி ஒரு கோல் போட்டார். பார்க் ஜி சங் அதைச் சமன் செய்தார். 1-1. ஈரான் தகுதி இழந்தது. இடைவேளையில் அந்த அறைக்குள் யார் என்ன சொன்னார்கள் என்று வெளியே தெரியவில்லை. சில வீரர்கள் அணியிலிருந்து கட்டாய ஓய்வுக்கு அனுப்பப்பட்டதாகப் பிறகு செய்திகள் வந்தன. அதிகாரிகள் மறுத்தார்கள்.

ஐந்தே நாளில் ஒரு நாட்டின் தேர்தல் தகராறு சியோல் வரை வந்துவிட்டது. ஜூன் 12-ஆம் தேதி வாக்குப்பதிவு. கிட்டத்தட்ட 85 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டிருந்தார்கள். கையால் எண்ண வேண்டிய ஏறக்குறைய நான்கு கோடி வாக்குச் சீட்டுகள். ஆனால் விடிவதற்குள்ளாகவே அரசுச் செய்தி நிறுவனம் அதிபர் மஹ்மூத் அஹ்மதிநெஜாத் ஜெயித்துவிட்டார் என்றது. அவருக்குச் சுமார் 63 சதவீதம், எதிர்த்து நின்ற மீர் ஹுசேன் மூசவிக்குச் சுமார் 34 சதவீதம் என்று கணக்குக் காட்டினார்கள். மூசவி நபிகள் வழிவந்த சையது குடும்பத்தவர். அந்த மரபின் நிறமான பச்சைதான் அவருடைய பிரசாரத்தின் நிறம், பின்பு போராட்டத்தின் நிறம். வீதிக்கு வந்தவர்களை அஹ்மதிநெஜாத் குப்பை செத்தை என்றார். மறுநாள், ஜூன் 15 அன்று, லட்சக்கணக்கானவர்கள் கோஷம்கூட இல்லாமல் தெஹ்ரானின் ஆசாதி சதுக்கம் நோக்கி நடந்தார்கள். பலர் கையில் இருந்த அட்டையில் ஒரே கேள்வி: என் ஓட்டு எங்கே?

அந்தக் கேள்வி தேசத்துக்கு வெளியே எப்படிக் கேட்டது?

வெளிநாட்டில் வாழ்ந்த ஈரானியர்களுக்கு அது சொந்தக் கேள்வி. தூதரகங்களில் வரிசையில் நின்று அவர்களும் ஓட்டுப் போட்டிருந்தார்கள். அரசே வெளியிட்ட எண்ணிக்கைப்படி வெளிநாட்டு ஓட்டில் முந்தியவர் மூசவிதான். லண்டன், பாரிஸ், லாஸ் ஏஞ்சலிஸ், டொரோன்டோ என்று எல்லா ஊரிலும் கூட்டம் கூடியது. ஜூன் 17 அன்றே திரைப்பட இயக்குநர் மொஹ்சென் மக்மல்பாஃபும் 'பெர்செபோலிஸ்' படைத்த மர்ஜான் சத்ரபியும் பிரஸ்ஸல்ஸ் போய் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர்கள் முன் முடிவு மோசடி என்று முறையிட்டார்கள். கூட்டங்களுக்குள் ஒரு பழைய புண்ணும் இருந்தது. மன்னராட்சிக் காலத்துச் சிங்கமும் சூரியனும் பொறித்த கொடியோடு ஒரு சாரார் வந்தார்கள். அந்தக் கொடிக்குக் கீழே நிற்கமாட்டோம் என்று இன்னொரு சாரார் ஒதுங்கினார்கள். 1979 புரட்சியின்போது ஓடி வந்தவர்களும் 1999 மாணவர் போராட்டத்துக்குப் பின் ஓடி வந்தவர்களும் ஒரே நடைபாதையில் நின்றால் அப்படித்தான் இருக்கும். ஆனாலும் நின்றார்கள் என்பதே பெரிது.

அரசாங்கங்கள் வேறு கணக்குப் போட்டன. வெனிசுவேலாவின் ஹியூகோ சாவேஸ் உடனே வாழ்த்தினார். ஜூன் 16 அன்று, தலைநகர் கொந்தளித்துக்கொண்டிருந்தபோதே, அஹ்மதிநெஜாத் ரஷ்யாவின் யெகாதெரின்பர்க் நகருக்குப் போய் ஷாங்காய் ஒத்துழைப்பு அமைப்பின் மாநாட்டில் உட்கார்ந்தார். பிரான்சின் சர்கோசி மோசடி என்றார். ஜெர்மனியின் மெர்கல் மறு எண்ணிக்கை கேட்டார். அமெரிக்க அதிபர் ஒபாமா மட்டும் தயங்கினார். ஈரானோடு அமெரிக்காவுக்கு இருக்கும் வரலாற்றைப் பார்த்தால், தலையிடுவதுபோலத் தெரிவது நல்லதல்ல என்றார். உள்நாட்டில் அவரைக் கோழை என்றார்கள்.

அந்தத் தயக்கத்துக்குக் காரணம் உண்டு. 1953-இல் மக்கள் ஆதரவு பெற்ற பிரதமர் மொசாதெக்கைக் கவிழ்த்ததில் அமெரிக்க, பிரிட்டிஷ் உளவுத்துறைகளின் கை இருந்தது. அதை ஈரானில் எந்தக் குடும்பமும் மறக்கவில்லை. வெளியிலிருந்து ஒரு வார்த்தை உரக்க வந்தாலும் 'அந்நியர் தூண்டுதல்' என்று முத்திரை குத்த அரசு காத்திருந்தது. ஜூன் 19 வெள்ளிக்கிழமைத் தொழுகையில் தலைமை மதகுரு காமெனெயி, எதிரிகளிலேயே மிகக் கொடியது பிரிட்டிஷ் அரசுதான் என்றார். அடுத்த சில நாட்களில் பிரிட்டிஷ் தூதரக அதிகாரிகள் இருவர் வெளியேற்றப்பட்டனர். அங்கே வேலை பார்த்த உள்ளூர்க்காரர்கள் சிலர் கைதானார்கள். பிபிசி செய்தியாளரும் நாட்டை விட்டு அனுப்பப்பட்டார். ஒபாமா கடுமையான சொற்களைப் பயன்படுத்தியது ஜூன் 23-ஆம் தேதிதான். அதற்குள் தெருவில் ரத்தம் சிந்திவிட்டது.

அரசுகள் தயங்கிய இடத்தில் பொதுமக்கள் தயங்கவில்லை. ஈரானை வரைபடத்தில்கூடப் பார்த்திராதவர்கள் ட்விட்டரில் தங்கள் படத்துக்குப் பச்சைச் சாயம் பூசினார்கள். ஊர்ப் பெயரைத் 'தெஹ்ரான்' என்று மாற்றினார்கள். உண்மையான தெஹ்ரான்காரர்களைக் காவல்துறை கண்டுபிடிக்க முடியாமல் திணறட்டும் என்பது எண்ணம். ட்விட்டர் நிறுவனம் பராமரிப்புக்காகச் சேவையை நிறுத்த வைத்திருந்த நேரம் தெஹ்ரானில் காலை வேளை. அமெரிக்க வெளியுறவுத் துறை இளம் அதிகாரி ஜாரெட் கோஹன் கேட்டுக்கொண்டதும் அது தெஹ்ரானின் நள்ளிரவுக்குப் பின் தள்ளி வைக்கப்பட்டது. அதே வாரம் கூகுள் தன் மொழிபெயர்ப்புச் சேவையில் பாரசீகத்தைச் சேர்த்தது. எங்கோ இருந்த இளைஞர்கள் தங்கள் கணினிகளை ஈரான் அரசின் இணையத் தடையைத் தாண்டும் வழிகளாகத் திறந்து வைத்தார்கள்.

நல்ல மனது சந்தேகமில்லை. பலன் எவ்வளவு என்று கேட்டால் பதில் சங்கடமானது. ஈரானியச் செய்தியாளர் கொல்னாஸ் எஸ்ஃபந்தியாரி மறு ஆண்டு எழுதிய கட்டுரையில் ஒரு எளிய கேள்வி கேட்டார்: தெஹ்ரானில் ஊர்வலம் திரட்டுகிறவர் ஏன் ஆங்கிலத்தில் எழுதப் போகிறார்? அங்கே செய்தி பரவியது வாய்வழியாக, குறுஞ்செய்தி வழியாக, இரவில் மொட்டை மாடியிலிருந்து எழுந்த 'அல்லாஹு அக்பர்' குரல் வழியாக. ஆயிரக்கணக்கானோர் தங்களைத் 'தெஹ்ரான்' என்று சொல்லிக்கொண்டபோது, நிஜத் தெஹ்ரானிலிருந்து வந்த சேதி எது என்று பிரிப்பதும் கடினமாயிற்று.

ஜூன் 20. தெஹ்ரானின் கார்கர் தெருவுக்கு அருகே நெதா ஆகா சொல்தான் என்ற 26 வயதுப் பெண் மார்பில் குண்டு பாய்ந்து விழுந்தார். கைபேசியில் பதிவான அந்தக் காட்சி ஒரு நிமிடம்கூட இல்லை. அவர் பக்கத்தில் மண்டியிட்டு ரத்தத்தை நிறுத்தப் பார்க்கும் மருத்துவர் ஆரஷ் ஹெஜாஸி. அவர் பாவ்லோ கொய்லோவின் நூல்களைப் பாரசீகத்தில் வெளியிட்டவரும்கூட. பிரேசிலின் அந்த எழுத்தாளர் காணொளியில் தன் நண்பரைக் கண்டு திகைத்து, அதை உலகுக்கு எழுதினார். ஹெஜாஸி பிரிட்டனுக்குப் போய்த் தான் பார்த்ததைச் சொன்னார். பிறகு ஊர் திரும்ப வழியில்லை. அந்தக் காட்சியைப் படமெடுத்த பெயர் தெரியாதவர்களுக்கு அமெரிக்காவின் ஜார்ஜ் போல்க் இதழியல் விருது வழங்கப்பட்டது.

அதையொட்டி இன்னொரு பெண்ணின் வாழ்க்கையும் உடைந்தது. அதைச் செய்தது துப்பாக்கி அல்ல. நெதாவின் முகத்தைத் தேடிய வெளிநாட்டு ஊடகங்களும் இணையவாசிகளும் ஃபேஸ்புக்கில் கிட்டத்தட்ட அதே பெயருள்ள ஒருவரின் படத்தை எடுத்துக்கொண்டார்கள். தெஹ்ரானில் ஆங்கில இலக்கியம் கற்பித்துக்கொண்டிருந்தவர் அவர். போராட்டத்துக்கும் அவருக்கும் தொடர்பே இல்லை. தலையில் பூப்போட்ட முக்காடு, மெல்லிய சிரிப்பு. அந்தப் படம் தொலைக்காட்சிகளில் ஓடியது, ஐரோப்பியத் தெருக்களில் மெழுகுவர்த்திகளுக்கு நடுவே வைக்கப்பட்டது. 'இது நான், உயிரோடு இருக்கிறேன்' என்று அவர் எழுதியும் படம் நிற்கவில்லை. நெதாவின் பெற்றோர் சரியான படத்தைக் கொடுத்த பிறகும் நிற்கவில்லை. ஈரானிய உளவுத்துறை அந்த ஆசிரியையின் கதவைத் தட்டியது. அந்த மரணமே மேற்கத்தியர் ஜோடித்தது என்று காட்ட அவர் அவர்களுக்குத் தேவைப்பட்டார். சில நாட்களில் அவர் நாட்டை விட்டுத் தப்பி ஜெர்மனியில் அகதியானார். அனுதாபம் காட்டியவர்கள் ஒரு முறை சரிபார்த்திருந்தால் அவர் இன்னும் தன் மாணவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருப்பார் என்ற எண்ணம் மனதை அறுக்கிறது.

ஜூன் 25 அன்று மைக்கேல் ஜாக்சன் இறந்தார். தொலைக்காட்சிகள் ஒரே இரவில் திரும்பிக்கொண்டன. ஜூலை 25-இல் நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்களில் ஈரானுக்காக மக்கள் கூடினார்கள் என்றாலும் முதல் பக்கம் போனது போனதுதான். ஆகஸ்டில் ஈரானுக்குள் கூட்டு விசாரணைகள் தொடங்கின.

அதற்குப் பின் நடந்த ஒன்றைத்தான் இந்தத் தொடரில் முக்கியமாகப் பதிவு செய்ய வேண்டும். 2009 டிசம்பர் 7, ஈரானில் மாணவர் தினம். அமீர்கபீர் பல்கலைக்கழகத்தில் பேசிய மாணவர் தலைவர் மஜீத் தவக்கோலி கைதானார். மறுநாள் அரசுச் சார்புச் செய்தி நிறுவனம் அவர் படத்தை வெளியிட்டது. தலையில் முக்காடு, உடம்பில் சாதோர் அங்கி. பெண் வேடமிட்டுத் தப்பப் பார்த்தார், பிடித்துவிட்டோம் என்றார்கள். வலுக்கட்டாயமாகப் போட்டுவிட்டுப் படம் எடுத்தார்கள் என்றனர் நண்பர்கள். ஒரு ஆணைப் பெண்ணாக்கிக் காட்டினால் அவன் ஒழிந்தான் என்பதுதான் அந்தப் படத்தின் கணக்கு.

ஓரிரு நாளில் ஃபேஸ்புக்கில் ஈரானிய ஆண்களின் படங்கள் வரத் தொடங்கின. முதலில் பத்து, பிறகு நூறு நூறாக. நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹமீத் தபாஷியும் அவர்களில் ஒருவர். தாடி மீசையோடு, கன்னத்தைச் சுற்றி முக்காட்டை இழுத்து, தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டு நேராகக் கேமராவைப் பார்த்தார்கள். 'நாங்கள் எல்லோரும் மஜீத்' என்று எழுதினார்கள். பெண்ணுக்கு மானம் என்று சட்டம் போட்டுத் திணித்த துணி, ஆணின் தலையில் ஏறினால் மட்டும் எப்படி அவமானமாகும் என்று ஈரானியப் பெண்கள் முப்பது ஆண்டுகளாகக் கேட்டுவந்த கேள்வியை அன்று ஆண்கள் தங்கள் தலையில் சுமந்து கேட்டார்கள். பலருக்கு ஊரில் பெற்றோர் இருந்தார்கள். முகத்தை மறைக்காமல் படம் போட்டால் இனி விமான நிலையத்தில் என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்தேதான் போட்டார்கள்.

மஜீதுக்கு எட்டரை ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

(தொடரும்)