பெங்களூர் ஏர்பஸ் விபத்து (1990)

1990 பிப்ரவரி 14 அன்று பம்பாயிலிருந்து பெங்களூர் வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் 605-ஆம் எண் ஏர்பஸ் ஏ320 விமானம், எச்.ஏ.எல். விமான நிலைய ஓடுபாதையை எட்டும் முன்பே தரையில் மோதித் தீப்பிடித்தது. அதிலிருந்த 146 பேரில் 92 பேர் இறந்தனர். பகல் ஒரு மணி, தெளிவான வானம். ஓடுபாதை விமானிகளின் கண்முன் தெரிந்துகொண்டிருந்தது. தரையிறங்கும்போது விமானிக்கும் தானியங்கிக் கருவிக்கும் இடையே விழும் இடைவெளி எவ்வளவு கொடியது என்பதற்கு இந்தியாவில் இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

ஏ320 பயணிகள் சேவைக்கு வந்ததே 1988-இல்தான். விமானியின் கையசைவைக் கணினி வாங்கி, மின்சமிக்ஞையாக இறக்கைகளுக்கு அனுப்பும் முறை அப்போது புதிது. விபத்துக்குள்ளான விமானம் இந்தியன் ஏர்லைன்ஸிடம் வந்து சேர்ந்து சில வாரங்களே ஆகியிருந்தன. இடது இருக்கையில் இருந்தவர் ஏ320-இன் தலைமை விமானியாகத் தகுதிபெறச் சோதனைப் பறப்பில் இருந்தார். வலது இருக்கையில் அவரைச் சோதிக்கும் மூத்த விமானி. ஓட்டுபவர் தேர்வு எழுதுகிறவராகவும் உதவ வேண்டியவர் தேர்வாளராகவும் மாறிப்போன காக்பிட் அது. யார் எதைக் கவனிக்க வேண்டும் என்பது இப்படிப்பட்ட பறப்பில் எளிதில் குழம்பும்.

இறங்கும் விதத்தைக் குறிக்க முன்பலகையில் பல திருகுகள் உண்டு. ஒன்று எந்த உயரத்துக்கு இறங்க வேண்டும் என்பதற்கு, இன்னொன்று நிமிடத்துக்கு எத்தனை அடி வீதம் இறங்க வேண்டும் என்பதற்கு. ஓட்டிய விமானி நிமிடத்துக்கு 700 அடி வீதம் கேட்டார். வீதத் திருகுக்குப் பதில் உயரத் திருகு 700 அடிக்குத் திருப்பப்பட்டிருக்க வேண்டும் என்று விசாரணை கருதியது. இந்த எண்ணைச் சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் விபரீதம் சட்டென விளங்கும். சென்னை நிலையம் கடல்மட்டத்துக்குச் சற்றே மேலே இருப்பதால், அங்கே 700 அடி என்றாலும் விமானம் தரைக்கு மேலேதான் இருக்கும். பெங்களூர் நிலையமோ கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,900 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே 700 அடி என்பது மண்ணுக்குள் ஆழத்தில் உள்ள ஓர் இலக்கு. அதை எட்டவே முடியாது என்பதால் கணினி இறங்கும் முறையிலேயே நின்றுவிட்டது.

இந்த முறைக்கு ‘ஓப்பன் டிசென்ட்’ என்று பெயர். இதில் எஞ்சின் விசை மிகக் குறைந்த நிலைக்கு, அதாவது ‘ஐடில்’ நிலைக்குப் போய்விடும். வேகத்தைக் காப்பது மூக்கின் சாய்வு மட்டுமே. விமானம் இறங்குபாதைக்குக் கீழே போவதைக் கண்டு விமானி மூக்கைத் தூக்கினால் வேகம் குறையும், ஆனால் எஞ்சின் விசை தானாகக் கூடாது. எஞ்சின் விசையைத் தானே கூட்டிக் குறைக்கும் ‘ஆட்டோ த்ரஸ்ட்’ வேகத்தைப் பார்த்துக்கொள்ளும் என்று நம்பிய விமானிக்கு இது தெரிய வாய்ப்பு குறைவு. ஏ320-இல் ஆட்டோ த்ரஸ்ட் வேலை செய்யும்போது விசையைக் கூட்டும் கைப்பிடிகளான த்ரஸ்ட் லீவர்கள் அசைவதில்லை. பழைய விமானங்களில் லீவர் முன்னும் பின்னும் போவதை உள்ளங்கை உணர்ந்துவிடும். இங்கே அந்தத் துப்பு இல்லை.

வேகம் காக்கும் முறைக்கு மாற, விமானிகளுக்குத் திரையில் வழிகாட்டும் ‘ஃப்ளைட் டைரக்டர்’ கருவிகள் இரண்டையும் அணைக்க வேண்டும். ஒன்று மட்டுமே அணைக்கப்பட்டது. ஐடில் ஓப்பன் டிசென்ட்டில் இறங்கிக்கொண்டிருக்கிறோம் என்பது காக்பிட்டிலேயே பேசப்பட்டதும் ஒலிப்பதிவில் இருக்கிறது. அப்போதும் த்ரஸ்ட் லீவரை முன்னே தள்ளவில்லை. இருக்க வேண்டிய 132 நாட் வேகம் 110-க்கும் கீழே சரிந்தது. தரை நெருங்கிய பிறகு கணினியின் பாதுகாப்பு ஏற்பாடு முழு விசையைக் கேட்டது. ஆனால் ஐடிலில் கிடந்த எஞ்சின் முழு விசைக்கு ஏறச் சில விநாடிகள் பிடிக்கும். அந்த விநாடிகள் இல்லை. விமானம் முதலில் கர்நாடக கோல்ஃப் சங்கத்தின் மைதானத்தில் பட்டு எழும்பி, பிறகு ஒரு கரையில் மோதியது.

நீதிபதி கே. சிவசங்கர பட் தலைமையிலான விசாரணை மன்றம், 400, 300, 200 அடி என்று கருவி குரல் கொடுத்தும் விமானிகள் நிலைமையின் தீவிரத்தை உணர்ந்து விசையைக் கூட்டவில்லை என்பதைக் காரணமாகக் கண்டது. அந்தத் தீர்ப்பில் தவறில்லை. ஆனால் விமானியின் பிழை என்ற சொல்லோடு கதையை மூடுவது இறந்தவர்களுக்கும் நியாயமில்லை, அடுத்து பறப்பவர்களுக்கும் நியாயமில்லை. எந்தச் சூழலில் பயிற்சி பெற்ற இருவர் ஒரே நேரத்தில் வேகமானியைப் பார்க்காமல் போனார்கள் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. விபத்துக்குப் பிறகு இந்தியன் ஏர்லைன்ஸின் ஏ320 விமானங்கள் பல மாதங்கள் பறக்கவிடப்படவில்லை.

இத்தகைய தானியங்கி வருவதற்கு முன்னும் இறங்கும்போது பிழைகள் நேர்ந்தன. 1973 மே 31 அன்று சென்னையிலிருந்து புறப்பட்ட போயிங் 737 டெல்லியின் பாலம் விமான நிலையத்தை அணுகுகையில் விழுந்து 48 பேர் இறந்தனர். மத்திய அமைச்சர் மோகன் குமாரமங்கலமும் கோவை மக்களவை உறுப்பினர் கே. பாலதண்டாயுதமும் அவர்களில் அடக்கம். ஓடுபாதை கண்ணில் படாமலேயே அனுமதிக்கப்பட்ட உயரத்துக்குக் கீழே இறங்கியது அங்கே பிழை. பெங்களூரிலோ ஓடுபாதை தெரிந்தது, கருவி இருந்த முறையின் ஆபத்துதான் உறைக்கவில்லை.

பெங்களூரில் நேர்ந்தது போன்ற பிழை வேறு இடங்களிலும் திரும்ப வந்தது. 1992 ஜனவரி 20 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் அருகே இன்னொரு ஏ320 மலையில் மோதி 87 பேர் இறந்தனர். 3.3 பாகைச் சாய்வு என்று நினைத்து நிமிடத்துக்கு 3,300 அடி வீதத்தைக் கொடுத்திருக்கலாம் என்று கருதப்பட்டது. இரண்டும் திரையில் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரிந்தன. பின்னர் வீதம் நான்கு இலக்கமாகக் காட்டும்படி திரை மாற்றப்பட்டது. 2013 ஜூலை 6 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் ஏசியானா போயிங் 777, ஆட்டோ த்ராட்டில் வேகத்தைக் காக்கும் என்று விமானிகள் நம்பியிருக்க, ஓடுபாதைக்கு முன்னிருந்த கடற்சுவரில் இடித்தது. 3 பேர் இறந்தனர். பெங்களூருக்கு 23 ஆண்டுகள் கழித்து, மறுபடியும் தெளிவான வானத்தில்.

2010 மே 22 அன்று மங்களூரில் 158 பேர் இறந்த விபத்தில் தானியங்கிக்குப் பங்கு குறைவு. அதிக உயரத்தில், ஒழுங்கில்லாத அணுகலில் வந்தபோது மீண்டும் மேலெழும்பச் சொல்லித் துணை விமானி ‘கோ அரவுண்ட்’ என்று சொல்லியும் தலைமை விமானி தொடர்ந்து இறங்கினார். இன்று விமான நிறுவனங்கள் கற்பிக்கும் முறையில், குறிப்பிட்ட உயரத்துக்குள் வேகம், விசை, இறங்கும் வீதம் மூன்றும் சீராகாவிட்டால் மீண்டும் மேலெழும்ப வேண்டும். தானியங்கியின் முறை மாறும்போதெல்லாம் திரையில் வரும் எழுத்தை வாய்விட்டுப் படிக்க வேண்டும். பயிற்றுநரும் பயிலுநரும் அருகருகே அமரும் எந்த விமானத்திலும், கட்டுப்பாடு யார் கையில் என்பது சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்லப்பட்டாக வேண்டும் என்பதை 605-இன் கடைசி நிமிடங்கள் எடுத்துச் சொல்லும்.