தரைத்தள வீட்டில் ஈரமும் பூஞ்சையும்: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

படியேற இயலாத முதியவர், பக்கவாதத்திலிருந்து மீண்டு வருபவர், ஆக்சிஜன் செறிவூட்டியின் துணையுடன் வாழ்பவர் ஆகியோருக்கு வீட்டின் தரைத்தள அறையே பெரும்பாலும் ஒதுக்கப்படுகிறது. மழைநீரும் ஓதமும் முதலில் வந்து சேரும் இடமும் அதுவே. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நிலத்தடி வாகன நிறுத்துமிடத்தை ஒட்டிய சிறு அறையில் வசிக்கும் காவலாளியின் குடும்பமும் இதே நிலையில்தான் உள்ளது. எனவே, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபர் மாதத்துக்கு முன்பே நோயாளி தங்கும் அறையின் சுவரையும் தரையையும் ஒருமுறை கவனித்துப் பார்ப்பது, மருந்துகளைச் சரிபார்ப்பதற்கு இணையான பராமரிப்புப் பணியாகும்.

ஈரம் உடல்நலத்தை எவ்வாறு பாதிக்கிறது?

பூஞ்சையின் வித்துகள் எல்லா வீட்டுக் காற்றிலும் உள்ளன. அவை வளர்வதற்குத் தேவைப்படுவது ஈரம் மட்டுமே. நனைந்த மெத்தை, மரப்பலகை, அட்டைப்பெட்டி போன்றவை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலராவிட்டால் பூஞ்சை வேர்கொள்ளத் தொடங்கும். ஓதம் காத்த வீடுகளில் வசிப்போருக்கு இருமல், மூச்சிரைப்பு, ஆஸ்துமா தீவிரமடைதல், சுவாசத் தொற்று ஆகியவை கூடுதலாகக் காணப்படுகின்றன என்பதை உலக சுகாதார நிறுவனம் 2009-ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலில் பதிவு செய்துள்ளது. ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களும் குழந்தைகளும் இதனால் முதலில் பாதிக்கப்படுகின்றனர். புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோர், உறுப்பு மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டோர், நீண்டகாலமாக ஸ்டீராய்டு மருந்து உட்கொள்வோர் ஆகியோரின் நிலை வேறு. மற்றவர்களுக்குத் தும்மலோடு நின்றுவிடும் பூஞ்சை, இவர்களின் நுரையீரலில் ஆழமான தொற்றை ஏற்படுத்தக்கூடும்.

சுவரில் தோன்றும் கருங்கறையைப் பற்றி ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. 2021-ஆம் ஆண்டு கோவிட் தொற்றுக் காலத்தில் ‘கருப்புப் பூஞ்சை’ என்று பேசப்பட்ட மியூகார்மைகோசிஸ் நோயை உண்டாக்கும் பூஞ்சையும், சுவரில் கரும்புள்ளிகளாகப் படரும் பூஞ்சையும் பொதுவாக ஒன்றல்ல. சுவரில் கறையைக் கண்டதும் அந்நோய் வந்துவிடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும், கட்டுப்படாத நீரிழிவு உள்ளவர்கள் எவ்வகைப் பூஞ்சையிலிருந்தும் விலகியிருப்பதே நல்லது.

ஈரம் எங்கிருந்து வருகிறது?

இக்கேள்விக்கு விடை காணாமல் வண்ணம் பூசுவது வீண்செலவு. சுவரின் அடியில் இரண்டு மூன்று அடி உயரம் வரை பூச்சு பொரிந்து, வெண்ணிற உப்புப் பூத்திருந்தால், நிலத்தின் ஈரம் சுவர் வழியே மேலேறுகிறது என்று கொள்ளலாம். அடித்தளத்தில் ஈரத்தடுப்பு அடுக்கு இல்லாத பழைய வீடுகளில் இது இயல்பு. தார் அடுக்கின் மேல் அடுக்காகப் போடப்பட்டுச் சாலை உயர்ந்துவிட்ட தெருக்களில், வீட்டின் தரையே சாலையைவிடத் தாழ்ந்து நிற்கிறது. அங்கு இச்சிக்கல் இன்னும் கடுமையாக இருக்கும். கறை மேற்புறத்தில் தொடங்கிக் கீழிறங்கினால் மொட்டைமாடி, தண்ணீர்க் குழாய், மேல்மாடிக் குளியலறை ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும்.

ஐயம் நீங்காவிட்டால் எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு முழம் அளவுள்ள பிளாஸ்டிக் தாளைச் சுவரோடு ஒட்டி, நான்கு ஓரங்களையும் டேப்பால் அடைத்து இரண்டு நாட்கள் விட்டுவிடவும். தாளின் சுவர்ப்பக்கம் நீர்த்துளிகள் படிந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப்பக்கம் படிந்தால் அறைக்காற்றின் ஈரமே குளிர்ந்த சுவரில் படிகிறது. இதற்குக் காற்றோட்டம் போதும், கொத்தனார் தேவையில்லை.

சுவருக்குள்ளிருந்து வரும் ஈரத்தை வெளிப்புறத்தில்தான் தடுக்க வேண்டும். வீட்டைச் சுற்றியுள்ள தரை, சுவரிலிருந்து விலகிச் சரிந்திருக்க வேண்டும். மொட்டைமாடி நீர்க்குழாயின் வாய் சுவரடியில் முடியக் கூடாது. தமிழகத்தில் மழைநீர் சேகரிப்பு 2003 முதல் கட்டாயமாக உள்ளது. பயனுள்ள இந்த ஏற்பாட்டின் உறிஞ்சுகுழி சுவரை ஒட்டி அமைந்துவிட்டால், சேகரித்த நீர் வீட்டுக்கே திரும்பி வரும். உட்புறத்தில் மட்டும் நீர்த்தடுப்பு வண்ணம் பூசினால், பின்னாலிருந்து வரும் நீர் அதை ஓரிரு மழைக்காலத்தில் உரித்துவிடும். பழைய சுண்ணாம்புச் சுவர்களுக்குச் சுண்ணாம்புப் பூச்சே ஏற்றது. பிளாஸ்டிக் வகை வண்ணங்கள் ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும்.

வீட்டுக்குள் தண்ணீர் புகும் நிலை ஏற்பட்டால்

2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையிலும், அதே மாதத்தில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் பல்லாயிரம் வீடுகளில் நீர் புகுந்தது. எச்சரிக்கை வெளியானதுமே, தெருவில் நீர் ஏறும் வரை காத்திராமல், படுக்கை நோயாளியை மேல்தளத்துக்கோ உறவினர் வீட்டுக்கோ மாற்றிவிடுங்கள். இருட்டில், முழங்கால் நீரில், ஒருவரைத் தூக்கிச் செல்வது இருவருக்கும் ஆபத்து. மருந்துகள், மருத்துவச் சீட்டுகள், இன்சுலின், நெபுலைசர் ஆகியவற்றை மூடியுள்ள டப்பாவில் இட்டு உயரத்தில் வையுங்கள். ஆக்சிஜன் செறிவூட்டி மின்சாரம் இன்றி இயங்காது. மாற்று உருளைக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும்.

நீர் சூழ்ந்த தளத்தில் மின் இணைப்பு துண்டிக்கப்பட்டது உறுதியாகும் வரை கால் வைக்கக் கூடாது. மெயின் சுவிட்சை அடைய நீரில் நடக்க வேண்டியிருந்தால் மின்வாரியத்துக்குத் தெரிவிக்கவும்.

நீரை வெளியேற்ற டீசல் அல்லது பெட்ரோல் பம்பு, ஜெனரேட்டர் பயன்படுத்துவோர் அதை நிலத்தடித் தளத்திலோ, அறைக்குள்ளோ, சன்னலுக்கு அருகிலோ ஒருபோதும் இயக்கக் கூடாது. அதிலிருந்து வெளியாகும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமோ மணமோ இல்லை. தலைவலி, மயக்கம் என்று உணர்வதற்குள் உயிர் போய்விடக்கூடும். சுற்றியுள்ள மண் நீரில் ஊறியிருக்கும்போது நிலத்தடித் தளத்தின் நீரை ஒரே மூச்சில் இறைப்பதும் தவறு. உட்புற நீர் திடீரென்று குறைந்தால், வெளிமண்ணின் அழுத்தத்தில் சுவர் சாயக்கூடும். வெளியே நீர் வடிந்த பின்னர், படிப்படியாக இறைக்க வேண்டும்.

வெள்ளநீர் பட்ட மாத்திரைகள், களிம்புகள், பிரிக்கப்பட்ட இன்சுலின் ஆகியவற்றை உலர்த்திப் பயன்படுத்தக் கூடாது. கழிவுநீர் கலந்த நீரில் நனைந்த இலவம்பஞ்சு மெத்தை எத்தனை நாள் வெயிலில் காய்ந்தாலும் நோயாளிக்கு உகந்ததன்று. விலையை எண்ணி அதை வைத்துக்கொள்ளவே மனம் விரும்பும், எனினும் அகற்றிவிடுங்கள். நிலத்தடி நீர்த்தொட்டியில் வெள்ளநீர் கலந்திருந்தால், அதைக் காலிசெய்து கழுவி, குளோரின் இட்ட பின்னரே பயன்படுத்தவும். தேங்கிய சிறிதளவு நல்ல நீரிலும் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு ஏறத்தாழ ஒரு வாரத்தில் முட்டையிலிருந்து முழு வளர்ச்சி அடையும்.

பூஞ்சையை அகற்றும் முறை

சுத்தம் செய்பவர் நோயாளியாக இருக்கக் கூடாது. அப்பணி முடியும் வரை அவர் அவ்வறையில் இருக்கவும் கூடாது. செய்பவர் என்-95 முகக்கவசம், ரப்பர் கையுறை, கண்ணாடி அணிய வேண்டும். பூஞ்சை படர்ந்த பரப்பை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் வித்துகள் அறை முழுவதும் பரவும். சோப்பு நீரில் நனைத்த துணியால் தேய்த்துக் கழுவி, முழுமையாக உலர விடுங்கள். பூஞ்சை தோன்றும் முன்பு மின்விசிறி உலர்த்த உதவும். தோன்றிய பின்பு அதுவே வித்துகளைப் பரப்பும்.

பிளீச்சிங் கரைசலைக் கழுவிய தரைக்கும் ஓடுகளுக்கும் பயன்படுத்தலாம். பொரிந்த சுவரின் உட்பகுதிக்கு அது சென்று சேர்வதில்லை, அங்கு பூச்சையே கொத்தி எடுக்க வேண்டும். பிளீச்சிங் பவுடருடன் ஆசிட், கழிப்பறைத் திரவம், அம்மோனியா எதையும் கலக்காதீர்கள். அடைத்த அறையில் எழும் அந்த நச்சுவாயு, ஆஸ்துமா நோயாளிக்கு உயிராபத்தாக முடியலாம்.

அறையின் ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்குக் கீழ் இருப்பது நல்லது. அலமாரியையும் கட்டிலையும் வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடவும். ஈரத்துணிகளை நோயாளியின் அறையில் உலர்த்த வேண்டாம்.

எப்போது மருத்துவ உதவி பெற வேண்டும்?

வழக்கத்தைவிட அதிகமுறை இன்ஹேலர் தேவைப்பட்டாலோ, இரவு இருமல் கூடினாலோ, வெளியூரில் தங்கும் நாட்களில் மட்டும் மூச்சிரைப்பு குறைந்தாலோ, வீட்டின் ஓதத்தைப் பற்றியும் மருத்துவரிடம் கூறுங்கள். மருந்தின் அளவை முடிவு செய்ய அத்தகவல் அவருக்குத் தேவை. வெள்ளநீரில் நடந்தபின் சில வாரங்களுக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகவும். நீரிழிவு உள்ளவருக்கு முகத்தின் ஒரு பக்க வீக்கம், மூக்கிலிருந்து கருநிறக் கசிவு, பார்வை மங்கல் ஆகியவை தோன்றினால் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். ஒரு வாக்கியத்தை முழுமையாகப் பேச இயலாத மூச்சுத்திணறல், உதடு நீலம்பாரித்தல் ஆகியவற்றுக்கு உடனடியாக 108-ஐ அழைக்கவும். பிற மருத்துவ ஆலோசனைகளுக்கு 104 என்ற எண்ணைத் தொடர்பு கொள்ளலாம்.