பிரிட்டன் போராட்டக் குழுக்களில் ஊடுருவிய காவல் உளவாளிகள்: 40 ஆண்டு இரகசியம் வெளிவந்தது எப்படி?

பிரிட்டனில் அரசை எதிர்த்துப் போராடும் அமைப்புகளுக்குள் காவல்துறையினரே உறுப்பினர்களாக நுழைந்து, பொய்ப் பெயரில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து தகவல் திரட்டும் முறை 1968 முதல் 40 ஆண்டுகளுக்கும் மேலாக நடைமுறையில் இருந்தது. 1,000-க்கும் மேற்பட்ட அமைப்புகள் இவ்வாறு வேவு பார்க்கப்பட்டன. நாடாளுமன்றத்துக்கோ நீதிமன்றங்களுக்கோ தெரியாமல் நடந்த இந்நடவடிக்கை குறித்து அரசு அமைத்த பொது விசாரணை 2020 முதல் சாட்சியங்களைப் பதிவு செய்து வருகிறது.

தொடக்கம்

வியட்நாம் போரை எதிர்த்து 1968 மார்ச்சில் இலண்டன் குரோவனர் சதுக்கத்தில் உள்ள அமெரிக்கத் தூதரகம் முன்பு நடைபெற்ற ஆர்ப்பாட்டம் வன்முறையில் முடிந்தது. இதையடுத்து இலண்டன் மாநகரக் காவல்துறையின் சிறப்புப் பிரிவில் இரகசியப் படை ஒன்று உருவாக்கப்பட்டது. பின்னாளில் 'ஸ்பெஷல் டெமான்ஸ்ட்ரேஷன் ஸ்குவாட்' என அறியப்பட்ட இப்படைக்குத் தொடக்கத்தில் உள்துறை அமைச்சகமே நேரடியாக நிதி வழங்கியது. இதில் பணியாற்றியோர் முடியும் தாடியும் வளர்த்து, வேறு பெயர், வேறு வீடு, வேறு தொழிலுடன் பொதுவாக நான்கைந்து ஆண்டுகள் குழுக்களுக்குள் வாழ்ந்தனர்.

நிறவெறி எதிர்ப்பு இயக்கம், இடதுசாரிக் கட்சிகள், விலங்குரிமை அமைப்புகள் முதலியவை கண்காணிக்கப்பட்டன. இந்திய வம்சாவளியினர் பெருமளவில் வாழும் சவுத்தால் பகுதியில் 1979 ஏப்ரலில் இனவெறி எதிர்ப்பு ஆர்ப்பாட்டத்தின்போது ஆசிரியர் பிளேர் பீச் உயிரிழந்தார். அவருக்கு நீதி கேட்டு நடந்த இயக்கமும் உளவாளிகளின் அறிக்கைகளில் இடம்பெற்றது.

இறந்த குழந்தைகளின் பெயர்கள்

போலி அடையாளத்துக்காக, சிறுவயதில் இறந்த குழந்தைகளின் பெயரையும் பிறந்த தேதியையும் அதிகாரிகள் பதிவேடுகளிலிருந்து எடுத்துக்கொண்டனர். பெற்றோருக்குத் தெரியாமல் இவ்வாறு 40-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் அடையாளங்கள் பயன்படுத்தப்பட்டன.

சில அதிகாரிகள் தாம் வேவு பார்த்த பெண்களுடன் நீண்டகால உறவு கொண்டனர். அத்தகைய உறவில் குழந்தை பெற்ற பெண் ஒருவருக்கு 2014-இல் காவல்துறை 4,25,000 பவுண்டு வழங்கியது. இத்தகைய உறவுகள் மனித உரிமை மீறல் என்றும், காவல் அதிகாரத்தின் துஷ்பிரயோகம் என்றும் ஏற்று, பாதிக்கப்பட்ட ஏழு பெண்களிடம் 2015 நவம்பரில் அத்துறை மன்னிப்புக் கோரியது.

அம்பலமானது எப்படி?

மார்க் கென்னடி என்ற அதிகாரி 2003 முதல் சுற்றுச்சூழல் குழுக்களில் 'மார்க் ஸ்டோன்' என்ற பெயரில் இயங்கினார். அவருடன் பழகிய ஆர்வலர்களே 2010-இல் உண்மையைக் கண்டறிந்தனர். நாட்டிங்ஹாம் அருகே உள்ள ராட்கிளிஃப் அனல்மின் நிலையத்துக்குள் நுழையத் திட்டமிட்டதாக 2009 ஏப்ரலில் 114 பேர் கைதாகியிருந்தனர். அத்திட்டத்தில் கென்னடிக்கு இருந்த பங்கு தெரியவந்ததும், ஆறு பேர் மீதான வழக்கு 2011 ஜனவரியில் கைவிடப்பட்டது. கென்னடி இரகசியமாகப் பதிவு செய்த ஒலிப்பதிவுகள் எதிர்தரப்புக்கு வழங்கப்படவில்லை என்பதால், மேலும் 20 பேரின் தண்டனையை மேல்முறையீட்டு நீதிமன்றம் அதே ஆண்டு ஜூலையில் ரத்து செய்தது.

1993-இல் இனவெறியர்களால் கொல்லப்பட்ட கறுப்பின இளைஞர் ஸ்டீபன் லாரன்ஸின் குடும்பத்துக்கு ஆதரவான இயக்கமும் உளவு பார்க்கப்பட்டதை, முன்னாள் உளவாளி பீட்டர் பிரான்சிஸ் 2013-இல் வெளிப்படுத்தினார். இதுகுறித்த ஆய்வறிக்கை 2014 மார்ச்சில் வெளியான அன்றே, பொது விசாரணை நடத்தப்படும் என அப்போதைய உள்துறை அமைச்சர் தெரசா மே அறிவித்தார்.

ஆணையத்தின் கண்டறிதல்

ஓய்வுபெற்ற நீதிபதி ஜான் மிட்டிங் தலைமையிலான ஆணையத்தின் இடைக்கால அறிக்கை 2023 ஜூனில் வெளியானது. 1968 முதல் 1982 வரையிலான காலத்தை ஆராய்ந்த அவ்வறிக்கை, அடைந்த பயன் கையாண்ட வழிமுறைகளை நியாயப்படுத்தவில்லை எனக் கூறியது. இம்முறைகள் அன்றே பொதுவெளியில் தெரிந்திருந்தால் படை விரைவில் கலைக்கப்பட்டிருக்கும் என்றும் குறிப்பிட்டது. ஆனால் அப்படை 2008 வரை நீடித்தது.

கென்னடியின் ஏமாற்றுக்கு உள்ளான பெண் ஒருவர் தொடுத்த வழக்கில், அவரது அடிப்படை உரிமைகள் மீறப்பட்டதாக 2021-இல் புலனாய்வு அதிகாரங்கள் தீர்ப்பாயம் தீர்ப்பளித்தது. 2022 ஜனவரியில் அவருக்கு 2,29,471 பவுண்டு இழப்பீடு வழங்க உத்தரவிட்டது.

இன்றைய சட்டநிலை

2021 மார்ச்சில் இயற்றப்பட்ட சட்டம், இரகசிய முகவர்கள் பணியின்போது குற்றச்செயலில் ஈடுபட அனுமதி அளிக்கும் அதிகாரத்தைக் காவல்துறைக்கும் உளவு அமைப்புகளுக்கும் வழங்குகிறது. அவ்வனுமதியை ஏழு நாட்களுக்குள் நீதித்துறை ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். ஆனால் அவரது முன் ஒப்புதல் தேவையில்லை. எந்தெந்தக் குற்றங்களுக்கு ஒருபோதும் அனுமதி இல்லை என்ற பட்டியலும் சட்டத்தில் இல்லை. அத்தகைய பட்டியல் இருந்தால், அதைக் கொண்டே குழுக்கள் உளவாளிகளைச் சோதித்துக் கண்டுபிடித்துவிடும் என்பது அரசின் வாதம். வரம்பு வெளிப்படையாக எழுதப்படாதவரை, மீறலை உரிய நேரத்தில் தடுக்க இயலாது என்பது மனித உரிமை அமைப்புகளின் வாதமாகும்.